அதிபர் தரவரிசை ப்ராஜெக்ட்: குடும்ப குரூப்பில்

கவின்: அத்தை, வரலாற்றாசிரியர்கள் போடற அமெரிக்க அதிபர்களோட தரவரிசை எப்படி மாறியிருக்குன்னு ஸ்கூல்ல ப்ராஜெக்ட். விக்கிப்பீடியால எல்லா சர்வேயும் ஒரே டேபிள்ல இருக்கு. அப்படியே எடுத்து கிராஃப் போட்டுடவா?

அத்தை: எந்தெந்த வருஷம் சர்வே நடந்துதுன்னு தெரிஞ்சுக்க அந்த டேபிள் போதும்பா. நம்பரை மட்டும் மூலத்துலேர்ந்து எடு. யார் ஓட்டு போட்டாங்க, யாரை விட்டுட்டாங்கங்கறது மூலத்துலதான் முழுசா இருக்கும்.

பெரியப்பா: அப்படியே கிராஃப் போட்டா என்ன ஆகும்னு அதிபர் புக்கானனை வச்சுப் பாரு. சி-ஸ்பான்ங்கற அமெரிக்க டிவி சேனல் எடுக்கற சர்வேல அவர் இடம் 2000ல 41, 2009ல 42, 2017ல 43, 2021ல 44. தடவைக்குத் தடவை சரியற மாதிரி தெரியுது இல்ல? நாலு தடவையும் கடைசி இடம்தான். பட்டியல்ல ஒவ்வொரு ஆளா கூடியிருக்காங்க, அவ்வளவுதான்.

கவின்: அப்போ இடத்தை எப்படிப் போடறது பெரியப்பா?

பெரியப்பா: மொத்த ஆள்லேர்ந்து இடத்தைக் கழி. வர்றதை, மொத்தத்துல ஒண்ணு குறைச்ச எண்ணால வகுத்து 100ஆல பெருக்கு. முதல் இடம் 100, கடைசி 0. கிராண்ட் 2000ல 41 பேர்ல 33, அதாவது 20. 2021ல 44 பேர்ல 20, அதாவது 56. ஜாக்சன் 13லேர்ந்து 22க்கு வந்தார். 70 இருந்தது 51 ஆச்சு. இது நிஜமான ஏற்ற இறக்கம்.

கவின்: ஏன் அப்படி?

பெரியப்பா: உள்நாட்டுப் போருக்கு அப்புறம் தெற்குல நடந்த மறுசீரமைப்பை வரலாற்றாசிரியர்கள் பார்க்கற விதமே மாறிடுச்சு. 1870-71ல கூ க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பலை அடக்க கிராண்ட் கொண்டுவந்த சட்டங்களுக்கு இப்போ மதிப்பு அதிகம். ஜாக்சனுக்கு 1830ல பூர்வகுடிகளை வெளியேத்தின சட்டம் பாரமா நிக்குது. சி-ஸ்பான்ல 10 தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 10 மார்க். "எல்லாருக்கும் சம நீதி"ங்கறதும் அதுல ஒரு தலைப்பு. மொத்த இடத்தோட நிறுத்தாம தலைப்பு வாரியா மார்க்கைப் பாரு, அவங்க சைட்லயே வருஷம் வாரியா இருக்கு.

அத்தை: பழசுக்கு வரேன். முதல் சர்வே வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் சீனியர் 1948ல எடுத்தது, 55 பேரைக் கேட்டு. லைஃப் பத்திரிகை, 1948 நவம்பர் 1 இதழ். கூகுள் புக்ஸ்ல லைஃப் பக்கத்துக்குப் போய் "எல்லா இதழ்களும்"னு இருக்கறதைத் திறந்து தேதி வச்சு எடு. தலைப்பைத் தேடல்ல போட்டா அந்தப் பேரைச் சொன்ன வேற புத்தகங்கள்தான் மேல வரும். அவரே எடுத்த 1962 சர்வே, 75 பேர், நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு மேகஸின், ஜூலை 29. அதுக்கு உங்க ஊர் லைப்ரரி கார்டு எடுத்துக்கோ. லைப்ரரி சைட்ல டேட்டாபேஸ் பக்கத்துல ப்ரோக்வெஸ்ட் (பழைய பத்திரிகைகள் இருக்கற டேட்டாபேஸ்) இருந்தா கார்டு நம்பர், பின் போட்டு வீட்லேர்ந்தே படிக்கலாம். இல்லேன்னா ரெஃபரன்ஸ் டெஸ்க்ல இன்டர்லைப்ரரி லோன் (வேற லைப்ரரிலேர்ந்து வரவழைக்கறது) கேளு. கட்டுரைன்னா ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க. பத்திரிகை பேர், தேதி, பக்கம் மூணையும் எழுதிட்டுப் போ.

கவின்: 1948 பட்டியல்ல 29 அதிபர்கள்தான் இருக்காங்களே?

அத்தை: பதவில இருந்த ட்ரூமனைச் சேர்க்கலை. ஒரே மாசத்துல இறந்த வில்லியம் ஹென்றி ஹாரிசனும், ஆறரை மாசம் இருந்த கார்ஃபீல்டும் இல்லை. 1962ல 31 பேர். அந்த ரெண்டு பேரையும் அப்பவும் விட்டுட்டாங்க.

பெரியப்பா: இன்னொண்ணு, யாரைக் கேட்டாங்கங்கறது. 2000லயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையும், ஃபெடரலிஸ்ட் சொசைட்டிங்கற வலதுசாரி வக்கீல்கள் அமைப்பும் சேர்ந்து ஒண்ணு எடுத்தாங்க. இடதுசாரி, வலதுசாரி ரெண்டு பக்கமும் சமமா வர்ற மாதிரி சட்டம், வரலாறு, அரசியல் பேராசிரியர்கள். கென்னடி அதுல 18, சி-ஸ்பான்ல 8. ரீகன் அதுல 8, சி-ஸ்பான்ல 11. ரெண்டும் ஒரே வருஷம்! அதனால வேற வேற சர்வே நம்பரை ஒரே கோட்டுல சேர்க்காதே. சி-ஸ்பானுக்கு ஒரு கோடு, சியெனா காலேஜுக்கு (இப்போ சியெனா யுனிவர்சிட்டி) ஒரு கோடு. சியெனா 1982லேர்ந்து எடுக்கறாங்க, அங்க 20 தலைப்பு.

அத்தை: ஆமா அண்ணா, அதேமாதிரி கேலப் மாதிரி பொதுமக்கள் கருத்துக்கணிப்பையும் இதோட கலக்கக்கூடாது. கவின், மர்ரே, ப்ளெஸிங்னு ரெண்டு ஆய்வாளர்கள் எடுத்த சர்வேயையும் விட்டுடாதே. ஆய்வுன்னு பார்த்தா எனக்கு அதுதான் பெருசு, 846 வரலாற்றாசிரியர்கள். ஜர்னல் ஆஃப் அமெரிக்கன் ஹிஸ்டரி, 1983 டிசம்பர், ஜேஸ்டோர்ங்கற ஆய்விதழ் சைட்ல இருக்கு. கேள்வித்தாள் எப்படி அமைச்சாங்கன்னே விளக்கமா எழுதியிருக்காங்க.

கவின்: எக்ஸெல்ல என்னென்ன காலம் (நெடுவரிசை) போடணும்?

அத்தை: வருஷம், நடத்தினவங்க, எத்தனை பேர் ஓட்டு, எந்தத் துறை, மார்க் முறை, பட்டியல்ல எத்தனை பேர், விடுபட்டவங்க, இடம், பெரியப்பா சொன்ன கணக்கு, பார்த்த பக்கம். லிங்க் உடைஞ்சிருந்தா வேபேக் மெஷின்ல (பழைய வெப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கற சைட்) போட்டு அந்த வருஷத்து நகலை எடு.

பெரியப்பா: எத்தனை பேர்னு போடறப்ப கவனம். க்ளீவ்லண்ட் 22ஆவது, 24ஆவது ரெண்டும். ட்ரம்ப் 45, 47. அதிபர் நம்பர் 47 வரைக்கும் போனாலும் ஆளுங்க 45 பேர்தான்.