புதுப்பிப்பு: சித்திக்கு அனுப்பிய பணம் சேர்ந்துவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து புதுக்கோட்டைச் சித்திக்கு அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? தப்பு என்னுடையதுதான். நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கியைக் குறிக்கும் ஸ்விஃப்ட் கோடு கேட்ட கட்டத்தில், இந்திய வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி கோடை எழுதியிருக்கிறேன். சித்தி அனுப்பிய பாஸ்புக் படத்தில் இருந்ததும் 11 எழுத்து, கட்டமும் 11. யாருக்குச் சந்தேகம் வரும்?

ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் இருந்தால் அது ஐஎஃப்எஸ்சி, இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். ஸ்விஃப்டில் அந்த இடத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து தொடங்கும். இந்தியாவுக்கு ஐ, என். ஸ்விஃப்ட் 8 எழுத்தோடு முடிந்தாலும் சரிதான், 11 இருந்தால் கடைசி மூன்று கிளைக்கானவை.

சித்தியின் கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கிடையாதாம். அதனால் தலைமையகத்தின் கோடு போட்டு, குறிப்பில் ஐஎஃப்எஸ்சியை எழுதினேன். மூன்றாம் நாள் சேர்ந்தது. முதல் தடவை பிடித்த கட்டணம் மட்டும் போனது போனதுதான்.