மறு: பிரம்பு ஒட்டிய வில்: ‘பேக்கிங்’குக்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த உரையாடல் இழையை முழுக்கப் படித்தேன். வில் முறியாமலிருக்க அதன் ஒரு பக்கத்தில் நெடுக்கே பிரம்பு போன்றவற்றை ஒட்டுவதை ஆங்கிலத்தில் ‘பேக்கிங்’ (backing) என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். பின்னொட்டு, முதுகுப்பட்டை, போர்வை, வரிச்சு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. சொல் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழில் ‘பேக்கிங்’ என்று எழுதினால் கேக் சுடுவதா, பெட்டியில் அடைப்பதா, வில்லில் ஒட்டுவதா என்றே தெரியாது.

> பின்னொட்டு போதுமே ஐயா. ஆங்கிலச் சொல்லும் அதைத்தானே சொல்கிறது?

இதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலக்கணத்தில் பின்னொட்டு ஏற்கெனவே இருப்பது சின்னச் சிக்கல்தான். பெரிய சிக்கல் திசை. வில்லைப் பிடித்து நிற்பவருக்கு ‘பின்’ என்றால் தன்னைப் பார்த்த பக்கம். பிரம்பு போகவேண்டியது இலக்கைப் பார்த்த பக்கம். நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்த்த பக்கம் நசுங்குகிறது. வில் உடைவது பெரும்பாலும் நீளும் பக்கத்தில்தான். இழைப்புளி ஓட்டும்போது ஆண்டு வளையம் ஒன்று குறுக்கே வெட்டுப்பட்டிருந்தால் அங்கே சிராய் கிளம்பும், பிறகு முறியும். அந்தச் சிராயை எழவிடாமல் அழுத்திப் பிடிப்பதற்குத்தான் பிரம்பு. சொல்லை நம்பி ஒருவர் அதை மறுபக்கம் ஒட்டினால் உழைப்பு முழுக்க வீண், வில்லும் முறியும்.

‘முதுகு’ இந்தக் குழப்பத்தைத் தராது. வளைந்த பொருளின் புடைத்த பக்கத்தை முதுகு என்பது நமக்கு இயல்பு. எதிர்ப்பக்கத்தை வயிறு என்று சொல்லிவிடலாம். ஆகவே முதற்பாதி முடிவானது என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பாதியில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. முதுகுப்பட்டை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மரக்கொம்பிலிருந்து வில் செய்பவர் முதல் வேலையாகப் பட்டையை உரிக்கிறார். அதே செய்முறையில் நான்கு வரி தள்ளி ‘பட்டையை ஒட்டு’ என்று வந்தால் படிப்பவர் தடுமாறுவார். தவிர, முதுகில் ஒட்டுவது எப்போதும் பட்டையாக இருப்பதில்லை. துருக்கிய, மங்கோலிய வில்களில் விலங்கின் தசைநாரை அடித்து, இழையிழையாகப் பிரித்து, வச்சிரப் பசையில் தோய்த்துப் படியவைத்தார்கள். பச்சைத்தோல், பட்டுத்துணி, மூங்கில் எல்லாம் உண்டு. ஜப்பானில் ஹெயான் காலத்தில் (794–1185) மரவில்லின் முதுகில் மூங்கிலை ஒட்டத் தொடங்கினார்கள். அந்த வகைக்கு ஃபுசேதாக்கே என்று பெயர். எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

‘போர்வை’யை ஒதுக்கிவிட வேண்டாம். யாழுக்குப் போர்வைத்தோல் உண்டு. பட்டு, மெல்லிய தோல் போன்றவை வில்லில் செய்வதும் அந்த வேலைதான்: மூடும், சிராயை அமுக்கும், இழுவிசையில் பெரிய பங்கு ஏற்காது. அந்த வகைக்குப் போர்வை சரியாக இருக்கும். தசைநாரும் மூங்கிலும் அப்படியல்ல, விசையையே தாங்குகின்றன. பிரம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூங்கில் அளவுக்கு விறைப்பு கிடையாது, முறியாமல் நன்றாக நீளும். வயிற்றுப்பக்க மரம் மென்மையாக இருந்தால் இது பெரிய அனுகூலம். அப்படிப்பட்ட மரத்தில் தடித்த மூங்கிலை ஒட்டினால் வயிறு தாங்காமல் நசுங்கி, நுண்கோடுகளாக மடிந்துவிடும். பிரம்பு அந்த அளவுக்கு வயிற்றை அழுத்தாது.

வரிச்சு அழகான சொல், ஆனால் கூரையில் அது குறுக்கே கட்டுவது. இங்கே பிரம்புப் பத்தைகள், அதாவது கீறிய கீற்றுகள், நெடுக்கே ஓடுகின்றன. குறுக்கே சுற்றுவதும் தனியாக இருக்கிறது. ஜப்பானிய ஷிகேதோ வில்லில் பிரம்பை வளையம் வளையமாகச் சுற்றியிருப்பார்கள். நம் பழைய பாடல்களில் வரும் ‘வரிசிலை’க்கு வரிந்து கட்டிய வில் என்று பொருள் கொள்வது உண்டு. ஆகவே அந்தச் சுற்றுக்கு ‘வரி’யை ஒதுக்கிவைப்போம்.

என் பரிந்துரை: முதுகொட்டு. ஒட்டுப்பலகை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும், அதனால் ‘ஒட்டு’ புதிதாகத் தோன்றாது. பிரம்பு முதுகொட்டு, நார் முதுகொட்டு, முதுகொட்டு வில் என்று விரியும். ஒட்டாமல், தசைநார்க் கயிற்றை முதுகில் கட்டி இறுக்கிய வில்கள் ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களிடம் உண்டு. அவற்றை முதுகுக்கட்டு வில் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

> யூ மரத்து ஆங்கில நெடுவில்லில் எதுவும் ஒட்டுவதில்லையே, அதை என்ன சொல்வது?

நல்ல கேள்வி அம்மா. அங்கே மரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. முதுகில் வெள்ளை (மரத்தின் வெளிப்புற வெளிர்பகுதி), வயிற்றில் வைரம் (உட்புறக் கெட்டிப்பகுதி). ஒட்டு இல்லாததால் வெள்ளைமுதுகு என்றால் போதும்.

இன்னொரு சொல்லும் சேர்த்து முடிவு செய்துவிட்டால் நல்லது. பிரம்பை நெடுக்கே கீறினால் ஒவ்வொரு பத்தைக்கும் பளபளப்பான தோல்பக்கம் ஒன்று, உள்ளே மென்மையான சோற்றுப்பக்கம் ஒன்று. தோல்பக்கத்தில் சிலிக்கா இருப்பதால் பசை பிடிக்காது. சோற்றுப்பக்கம் துளை நிறைந்தது, பசையை நன்றாக உறிஞ்சும். அதைத்தான் உப்புத்தாளால் சமன்செய்து மரத்தோடு ஒட்ட வேண்டும். தோல்பக்கம் வெளியே நிற்பதற்குப் பசை மட்டும் காரணமல்ல. பிரம்பின் வலுவான நார்கள் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. இழுவிசை மிகுந்த வெளிவிளிம்பில் அவை இருக்க வேண்டும். தொல்காப்பியம் ‘புறக்காழனவே புல்லென மொழிப’ (காழ், அதாவது வைரம், வெளிப்புறத்தில் இருப்பவை புல்) என்று தென்னை, பனை, மூங்கில் வகையை மரத்திலிருந்து பிரித்தது இந்த அமைப்பைப் பார்த்துத்தான். பிரம்பும் பனை இனம். ஆகவே தோல்பக்கத்துக்குக் காழ்ப்பக்கம் என்பது என் முன்மொழிவு. ‘சோற்றுப்பக்கம்’ அப்படியே இருக்கட்டும், பேச்சில் ஓடுகிற சொல்.

ஒரு செய்முறை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “வில்லை எதிர்ப்பக்கமாகச் சற்று வளைத்துப் பிடித்து, காழ்ப்பக்கம் வெளியே தெரியும்படி பிரம்புப் பத்தைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, வச்சிரம் தடவி முதுகொட்டுப் போடவும். இரு நுனியிலும் பத்தையைச் சீவி மெலிதாக்கி நூலால் வரியவும்.” எனக்கு எங்கும் தட்டவில்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைச் சத்தமாகப் படித்துப் பார்த்து, மாற்ற வேண்டியது இருந்தால் எழுதுங்கள். ‘முதுகொட்டு’க்கு மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.