சித்திரையில் காயும் புல்தரை: எங்கள் பக்கத்து அனுபவங்கள்

காங்கேயம் பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டு முன்வாசலில் இரண்டு சென்ட் அளவுக்கு அருகம்புல் தரை இருக்கிறது. சித்திரை பிறந்தால் அது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அதைப் பச்சையாகவே வைத்திருக்க நான் முயல்வதில்லை. சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

போன கோடையில் நாத்தனார் மகன் வந்திருந்தான். கோயம்புத்தூரில் புது வீடு கட்டி, முன்னால் ஐந்து சென்ட் இடத்தைப் புல்லுக்கென்று விட்டிருக்கிறான். எங்கள் தரையைப் பார்த்ததும், "எல்லாம் செத்துவிட்டதே அத்தை, பிடுங்கிப் போட்டுவிட்டு மெக்சிகன் புல் வாங்கிப் பதித்துவிடலாமா?" என்று கேட்டான். நான் களைக்கொத்தை எடுத்து உள்ளங்கை அகலத்துக்குத் தோண்டிக் காட்டினேன். மேலே இருந்த தாள் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நான்கு விரற்கடை கீழே, ஈர்க்குச்சிப் பருமனில், வெள்ளை வெளேரென்று வேர்த்தண்டு ஓடியிருந்தது. நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடிந்து ஈரம் கசிந்தது. கணுவுக்குக் கணு கூர்மையாக முளை. அதை அவன் கையிலேயே கொடுத்து, "இது செத்ததா?" என்று கேட்டேன்.

பிறகு கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். கோடையில் புல் பச்சையாக நிற்க வாரத்துக்கு 25 மில்லிமீட்டராவது வேண்டும். அப்படியானால் சென்ட்டுக்கு வாரம் ஆயிரம் லிட்டர். அவனுடைய ஐந்து சென்ட்டுக்கு மாதம் இருபதாயிரம் லிட்டருக்கு மேல் போகும். ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டும் பறந்த கிணறுகள் இருக்கிற பக்கம் இது. ஆடுமாடுகளுக்கே லாரித் தண்ணீர் வாங்கும் மாதத்தில், வாசல் அழகுக்காக அத்தனையையும் ஊற்ற என் மனம் ஒப்பவில்லை.

உயிர்த்தண்ணீர் போதும். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, விடியற்காலையில், ஒரு சாண் ஆழம் நனைகிற மாதிரி நிறுத்தி நிதானமாக விடுகிறேன். தினமும் மாலையில் குழாயைப் பிடித்து மேலாகத் தெளிப்பதுதான் கெடுதல். வேர் ஈரத்தைத் தேடி மேலேயே வந்து நின்றுவிடும். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் அந்தப் புல் மீளாது. பங்குனியிலேயே வெட்டும் உயரத்தையும் கூட்டிவிடுவேன். வெயிலுக்கு முன்னால் ஒட்ட வெட்டினால் மண் சுடும்.

எங்கள் பக்கத்துக் கொரங்காட்டை, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தை, பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். யாரும் நீர் பாய்ச்சுவதில்லை. கோடையில் பழுப்பாகக் கிடக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளில் மண்ணே தெரியாது. காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்த மேய்ச்சலில்தான். மாட்டை மாற்றி மாற்றிக் கட்டி, காட்டுக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்தவர்கள் நம் பெரியவர்கள். வாசல் புல்லுக்கும் அந்த ஓய்வைக் கொடுப்போம் என்கிறேன்.

பல்லடத்திலிருந்து:

அக்கா சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் தண்ணீரின் அளவைவிடத் தண்ணீரின் குணம்தான் பெரிய சோதனை. ஆழ்துளைக் கிணற்று நீர் அவ்வளவு கடினம். பாய்ச்சிக் காய்ந்த இடத்தில் கோலமாவு தூவியதுபோல் உப்புப் பூக்கும். புல் நுனியில் கருகாமல் இலை முழுக்க மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், இடைப்பட்ட பகுதி வெளிறியிருக்கும்.

புல் பதித்துக் கொடுத்தவர் யூரியா போடச் சொன்னார். நான் போடவில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை (pH) எட்டுக்கு மேல், அதாவது காரம் அதிகம் என்று வந்தது. மண்ணில் இரும்பு இருக்கிறது, சுண்ணாம்பு அதைப் புல்லுக்குக் கிடைக்கவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. சுண்ணாம்புக் கட்டிகள் நிறைந்த சுக்காங்கல் பூமியில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தேன். ஒரு வாரத்துக்குள் நிறம் திரும்பியது. தெளிக்கும்போது சிமெண்ட் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகவே போகாது.

ஆனால் உண்மையான மருந்து ஐப்பசி மழைதான். உப்பைக் கீழே கழுவிவிட அதைப்போல் ஒன்றில்லை. அதனால் மொட்டைமாடித் தண்ணீர் தெருவுக்குப் போன குழாயைப் புல்தரைப் பக்கம் திருப்பிவிட்டேன். செலவு ஒரு வளைவுக் குழாயும் பிளம்பர் கூலியும்தான்.

இன்னொன்று. செம்மண் லோடு வாங்கிக் கொட்டுகிறவர்கள் கோரைக்கிழங்கையும் சேர்த்து வாங்குகிறார்கள். கொட்டியதும் நீர் விட்டு, முளைக்க விட்டு, கிழங்கோடு தோண்டி எடுங்கள். மறுபடி முளைக்க விட்டு மறுபடி தோண்டுங்கள். புல் நட்ட பிறகு கோரையோடு மல்லுக்கட்ட யாராலும் முடியாது.

பேரூரிலிருந்து:

எங்கள் வீட்டில் மாமரம் இருக்கிறது. அருகம்புல்லுக்கு நாளெல்லாம் வெயில் வேண்டும். மர நிழலில் நூலாக நீண்டு மறைந்துவிடுகிறது. எருமைப்புல் ஓரளவு நிழலைத் தாங்கியது, ஆனால் குடிக்கிற தண்ணீர் அதிகம். மரத்தடியில் மாவிலைச் சருகையே பரப்பி ஒரு கல் பெஞ்சு போட்டுவிட்டோம். பிள்ளைகள் ஓடி விளையாடும் வெயில் மூலையில் மட்டும் புல் வைக்கலாம் என்று இருக்கிறோம். எப்போது நடுவது நல்லது அக்கா? ஆடியில் நடலாமா?

மீண்டும் காங்கேயம்:

ஆடி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அப்போது மண்ணை உலர்த்திவிடும். காலையில் நட்ட கணு மாலைக்குள் சுருண்டுவிடும். காற்று அடங்கி, புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் நடுங்கள். ஐப்பசி மழையிலேயே வேர் பிடித்துக்கொள்ளும். நர்சரிக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வாசலிலிருந்தே ஒரு சாக்கு கணு வெட்டித் தருகிறேன். ஈரச்சாக்கு மட்டும் கொண்டு வாருங்கள்.