மொத தடவை வெளிய போறோம், ஜீன்ஸா லோஞ்சியா?

ரங்கூன்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 27 வயசு, ரங்கூன் டவுன்ல ஹார்ட்வேர் கடையில வேலை. அனவ்ரத்தா ரோட்டு காளி கோயில்ல பாத்து பழகின பொண்ணு, ரெண்டு மாசமா போன்ல பேசுறோம், வர்ற ஞாயிறு இன்யா லேக் போலாம்னு சொல்லிருக்கா. கடைப்பசங்க லோஞ்சி, அதான் பர்மா கைலி, கட்டிட்டு போனா பட்டிக்காட்டான் மாதிரி இருக்கும், ஜீன்ஸ் வாங்குங்கறாங்க. எனக்கு ஜீன்ஸ் போட்டா நடையே மாறிடுது. அப்புறம் வெத்தலை போடுவேன், ஒரு நாளைக்கு பத்து. அவளுக்கு இது தெரியாது. மறைக்காம சொல்லுங்க.

பெகு அக்கா:
தம்பி, லோஞ்சிய விடு, கடைசில ஒரு வரி எழுதுனியே அதான் விஷயம். என்னை பொண்ணு பாக்க ஒருத்தர் வந்தாரு, சட்டை பளபளன்னு, தலையெல்லாம் வாரி, வாய தொறந்தா பல்லு பூரா செவப்பு, வெத்தலைய கன்னத்துல ஒதுக்கிட்டே பேசுனதுல பாதி புரியல, நான் அன்னிக்கே வேணாம்னுட்டேன். மூஞ்சி நல்ல மூஞ்சிதான், அதுல குறை சொல்லல. பாக்குல புத்துநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனத்து ஆய்வு மையமே 2004-லயே சொல்லிருச்சு, அதுக்காகவும் விடு. பல் டாக்டர்கிட்ட போய் கறைய எடு, ஒரே நாள்ல எல்லாம் போகாது, ஆனா நீ முயற்சி பண்றது அவளுக்கு தெரியும்.

மழைக்காலம்:
நான் லோஞ்சி கட்சி. இப்ப ஜூலை, ஜீன்ஸ் நனைஞ்சா ராத்திரி வரைக்கும் காயாது, லோஞ்சி அதைவிட சீக்கிரம் காஞ்சிரும். பட்டு வேணாம் அது கல்யாணத்துக்கு, சின்ன கட்டம் போட்ட காட்டன் போதும், ஆனா இஸ்திரி போடு, முடிச்சு இறுக்கமா இருக்கணும், நாலடிக்கு ஒருவாட்டி அவுத்து கட்டிட்டு நின்னா நல்லா இருக்காது. வெல்வெட் செருப்பு போடாத, தண்ணில ஊறிரும். குதிகால் வெடிப்பு இருந்தா இன்னிலேர்ந்து எண்ணெய் தடவு, செருப்புல அதான் மொதல்ல தெரியும்.

தனாக்கா:
எனக்கு ஜீன்ஸ் போட்ட பையன்தான் பிடிக்கும், அதனால எல்லா பொண்ணும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. நாங்க அன்னிக்கு தனாக்கா மரப்பட்டைய கல்லுல அரைச்சு மூஞ்சில பூசிட்டு போலாமா, வெறும் பவுடர் போதுமான்னு காலைலேர்ந்து யோசிப்போம். அவள்டயே கேளுங்களேன், இதுல என்ன வெக்கம்?

ரங்கூன்தம்பி:
கேட்டேன் அக்கா. லோஞ்சியே கட்டிட்டு வாங்க, பெரிய குடையா எடுத்துட்டு வாங்கன்னு சொன்னா. வெத்தலை விஷயத்தையும் நானே சொல்லிட்டேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் எப்ப விடப்போறீங்கன்னு கேட்டா. நேத்து ரெண்டுதான் போட்டேன், டாக்டர்கிட்ட வெள்ளிக்கிழமை போறேன்.