நல்லி எலும்பைப் பார்த்து நடையைச் சொல்ல முடியுமா?

குடியாத்தம்வாசி: ஞாயிறன்று கடைக்காரர் ஆட்டுத் தொடை எலும்பை நெடுக்காகப் பிளந்து கொடுத்தார். நடுவில் மஜ்ஜை. மூட்டுப் பக்கம் மட்டும் தேன்கூடு போல மெல்லிய எலும்பு வலை. எதற்காக?

ஓய்வு வாத்தியார், வேலூர்: முப்பது வருடம் உயிரியல் நடத்தினேன், ஒரு மாணவனும் இதைக் கேட்டதில்லை தம்பி! மூட்டில் விழும் சுமையைத் தாங்கிப் பரப்புவது அந்த வலைதான். அழுத்தம் அடிக்கடி விழும் இடத்தில் இழைகள் தடிக்கும், விழாத இடத்தில் மெலியும். 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் இதை விதியாகவே எழுதினார். நாம் இடுப்பை நிமிர்த்தி நடப்பதால், தொடை எலும்பின் பந்துத் தலையில் ஒரே இடத்தில் வலை அடர்கிறது. சிம்பன்சி, கொரில்லாவுக்கு இரண்டு இடங்களில். அவை இடுப்பை மடக்கியும் மரமேறும் அல்லவா? விரல் முட்டியை ஊன்றி நடப்பதால், உள்ளங்கை எலும்புகளின் தலையில் புறங்கைப் பக்கம் அடர்த்தி கூடுகிறது.

பாலாற்றங்கரை: ஐயா, எல்லாமே நடைதானா? வயது, சாப்பாடு?

ஓய்வு வாத்தியார், வேலூர்: அவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேட்டையாடி அலைந்தவர்களின் இடுப்பு மூட்டில் வலை அடர்த்தியாகவும், உழவர்களுக்கு மெலிந்தும் இருந்ததை 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. கோட்டை அகழியைத் தினமும் சுற்றுகிற எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

குடியாத்தம்வாசி: நன்றி ஐயா. அடுத்த வாரம் முன்னங்காலையும் பிளக்கச் சொல்கிறேன். வீட்டில்தான் குழம்புக்கு எலும்பு எங்கே என்கிறார்கள்.