விலைக்கு வாங்கிய பதவி: ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். கல்லூரிப் பாடநூலுக்காகப் பழைய லண்டன் நகராட்சி பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். 1712-இல் சார்லஸ் ஹிச்சன் என்பவர் 700 பவுண்டு கொடுத்துத் துணை நகர மார்ஷல் பதவியை வாங்கினார். திருடர்களைப் பிடிப்பதுதான் வேலை. அவரோ திருடர்களிடமே மாமூல் வாங்கினார், களவுபோன பொருளை உரியவருக்கு மீட்டுத்தரத் தரகும் பேசினார். மாமூலுக்குச் சொல் இருக்கிறது. இப்படி விலைபோன பதவியை என்னவென்பது? 'லஞ்சப் பதவி' பொருந்தவில்லை, விற்பனை வெளிப்படையாகவே நடந்தது.

> மறுமொழி
'வில்பதவி' எனலாம். வினைத்தொகை, ஆகவே 'விற்பதவி' ஆகாது. அப்படித் திரித்தால் வில்லேந்திய பதவி ஆகிவிடும். கல்வெட்டில் 'விலையாவணம்' (விற்பனைப் பத்திரம்) உண்டு. கோயில் பணிக் காணிகள் (பரம்பரைப் பணியுரிமைகள்) கைமாறிய செய்தியும் உண்டு.

> மறுமொழி
ஐயா, வகுப்பில் 'வில்பதவி' என்றால் ஒரு பிள்ளைக்கும் புரியாது. 'கிரயப் பதவி' என்று வையுங்கள். கிரயப் பத்திரம் தெரியாத வீடு இல்லை. அதோடு இங்கே சொத்து என்ற பொருள்தான் முக்கியம். ஆல்டர்மேன் மன்றம் (நகராட்சியின் மூத்த உறுப்பினர் அவை) 1713-இல் ஹிச்சனை இடைநீக்கம் செய்தது, மறு ஆண்டே திரும்பச் சேர்த்தது. காசு கொடுத்து வாங்கியதைப் பறிப்பது அவ்வளவு எளிதில்லை. நீதி நிர்வாகம் சார்ந்த பதவிகளை விற்கக் கூடாது என்று பதினாறாம் நூற்றாண்டில், ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்திலேயே சட்டம் வந்தும் வழக்கம் நிற்கவில்லை. சீர்திருத்தம் ஏன் இழுத்தது என்பதை 'கிரயம்' ஒரே சொல்லில் காட்டிவிடும்.

> மறுமொழி
கிரயம் வடசொல், பதவியும் வடசொல். இரண்டையும் சேர்த்துவிட்டுக் கலைச்சொல் என்பதா? 'விலைப்பணி' போதும்.

> மறுமொழி
'விலை' என்று தொடங்கினாலே விலைமகள் நினைவுதான் வரும், அம்மா. அந்த இழிவு இங்கே வேண்டாம். அந்தக் காலத்தவர் பலர் இதை இழிவாக எண்ணவில்லை.

> மறுமொழி
சரி, நேரமில்லை. பெரும்பாலோர் 'கிரயப் பதவி' பக்கம் இருக்கிறீர்கள், அப்படியே எழுதி அனுப்புகிறேன். அடிக்குறிப்பில் 'விலைப்பணி'யும் இருக்கும்.

> மறுமொழி
அடிக்குறிப்பில் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை, அச்சுக்குப் போகுமுன் மறுபடி எழுதுவேன். அப்புறம், ஆல்டர்மேனை 'நகரத்தந்தை' ஆக்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது மேயருக்கு வழங்கும் சொல்.