ஆறிய உருளைக்கிழங்கும் அப்பாவின் வயிறும்

வணக்கம். நாங்கள் கோத்தகிரிப் பக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் உருளைக்கிழங்கு இல்லாமல் சோறு இறங்காது. அது விளையும் மண்ணிலேயே பிறந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேகவைத்த கிழங்கை ஆறவிட்டால் மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, சிறுகுடலில் சர்க்கரையாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகுமாம். அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்கும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். இதைப் படித்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. தோலோடு வேகவைத்து ராத்திரி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். காலையில் கத்தி வைத்தால் மெழுகு மாதிரி வழுவழுவென்று வெட்டுப்படுகிறது. கூடவே அவரை, கீரை, சாமைச் சோறு என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். அங்கேதான் தப்பு செய்தேன் போல. அப்பாவுக்கு வயிறு உப்பிக்கொண்டு, தட்டினால் மத்தளம்!

டாக்டரை அடுத்த வாரம் பார்க்கிறோம். அதற்குள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: நார்ச்சத்தை எவ்வளவு மெதுவாகக் கூட்டினீர்கள்? உப்புசம் எத்தனை நாளில் அடங்கியது? அப்புறம், இந்தக் குளிரில் சில்லென்ற கிழங்கை அவர் தொடவே மாட்டேன் என்கிறார். லேசாகச் சூடாக்கிக் கொடுத்தவர்கள் யாராவது சர்க்கரை அளவு பார்த்தீர்களா?